பல வேலைகள் ஒரே கோப்பில் எழுதும்போது எஃப்லொக் மட்டும் போதுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். எங்காவது பிசகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். திருகோணமலையில் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு மும்மொழி மென்பொருள் செய்கிறீர்கள். அதில் 14 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் கம்பைல் ஆனதும், சி மொழியில் எழுதிய ஒரு சிறிய கருவி அதன் தமிழ், சிங்கள, ஆங்கில வாசகங்களைப் பிரித்தெடுத்து, >> குறியின் வழியாக ஒரே பொதுச் செய்திக் கோப்பின் அடியில் சேர்க்கிறது. பில்டை, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து மென்பொருளைக் கட்டும் வேலையை, நடத்தும் மேக் என்ற கருவி ஒவ்வொரு வேலையாக ஓடிய காலத்தில் சிக்கல் இல்லை. எட்டு கோர் இயந்திரம் வந்து, ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓட்டும் ஜே 8 தெரிவைக் கொடுத்து ஓடவிட்ட நாளிலிருந்து சில பில்டுகளில் வரிகள் காணாமல் போகின்றன. வேறு சிலவற்றில் சிங்கள வரியின் நடுவே தமிழ் வரி புகுந்து கிடக்கிறது, இடையிடையே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வேறு. ஒருவர் எஃப்லொக் என்ற கோப்புப் பூட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். அது போதுமா, போடுவதென்றால் எங்கே போடுவது என்பது கேள்வி. பில்ட் நடக்கும் கோப்புறை அலுவலக சேர்வரின் பகிர்வில் இருக்கிறது என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை, பிறகு வருகிறேன்.

நீங்கள் கேட்டது பூட்டைப் பற்றி. உங்களுக்கு உண்மையில் வேண்டியிருப்பது, எட்டு வேலைகள் எந்த ஒழுங்கில் முடிந்தாலும் பொதுக் கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரு பைட்கூட மாறாமல் வருவதற்கு ஒரு வழி. எஃப்லொக் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுதவிடும், அவ்வளவுதான். யார் முதலில் எழுத வேண்டும் என்று அதற்குத் தெரியாது. முந்திய பில்டின் பழைய வரிகளை அது அகற்றாது. ஆகவே என் பதில்: 14 வேலைகளும் பொதுக் கோப்பைத் தொடுவதையே நிறுத்துங்கள். ஒவ்வொரு தொகுதியும் தனக்கென்று ஒரு துண்டுக் கோப்பை எழுதட்டும். எல்லாத் துண்டும் வந்த பிறகு ஒரேயொரு விதி அவற்றைச் சேர்க்கட்டும். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு இருக்கிறபடியால்தான் ஏழு பேர் ஒரே நேரத்தில் வாளி போட முடிகிறது. கிணறு ஒன்றாக இருந்தால் வரிசையில் நிற்கத்தான் வேண்டும், பூட்டு என்பது அந்த வரிசைதான். கிணற்றை ஏழாக்க முடிகிற இடத்தில் வரிசை எதற்கு?

இதை நம்பிச் செய்வதற்கு, இப்போது என்ன நடக்கிறது என்று விளங்கியிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு நோய்கள். வரிகள் காணாமல் போவதற்கான காரணம் நீங்கள் ஒட்டியிருக்கும் மேக்கோப்பிலேயே (மேக்குக்கான விதிகள் எழுதிய கோப்பு) இருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. மொத்த இலக்கின் (பில்ட் உருவாக்க வேண்டியது) சார்புப் பட்டியலில் (அதற்கு முன் முடிய வேண்டியவை) முதலாவதாகப் பொதுக் கோப்பை வெறுமையாக்கும் விதி, அதன் பின் 14 தொகுதிகள். வேலைகள் ஒவ்வொன்றாக ஓடும்போது மேக் பட்டியலை இடமிருந்து வலமாக எடுக்கும், அதனால் துடைப்பது எப்போதும் முந்திவிடும். அந்த ஒழுங்கை நீங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை, தற்செயலாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஜே 8 கொடுத்ததும் துடைக்கும் விதியும் முதல் ஏழு தொகுதிகளும் ஒன்றாகப் புறப்படுகின்றன. சிறிய தொகுதி ஒன்று முந்திக்கொண்டு தன் வரிகளைச் சேர்த்துவிட்டால், அடுத்த கணம் துடைப்பு வந்து அவற்றை அழித்துவிடும். யாருக்கும் பிழைச் செய்தி வராது, பில்ட் வெற்றி என்றே முடியும். இந்த இடத்தில் எஃப்லொக் ஒன்றுமே செய்யாது. பூட்டை ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகத் துடைத்து, ஒழுங்காக விட்டுவிட்டுப் போகும்.

இதே அமைப்பு இன்னொரு தொல்லையையும் தந்திருக்கிறது. ஒரு வரி மாற்றினாலும் கிளீன் செய்து (பழைய விளைவுகளை அழித்து) முழுவதையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் ஒன்றுதான். துடைக்கும் விதி ஒவ்வொரு முறையும் ஓடுகிறது, ஆனால் மாறாத தொகுதிகள் மறுபடி கம்பைல் ஆவதில்லை, அவற்றின் வரிகளை மறுபடி சேர்க்க ஆளில்லை. துடைப்பதை எடுத்துவிட்டால் மாறிய தொகுதியின் வரிகள் இரண்டு தடவை இருக்கும். கோப்பின் அடியில் சேர்த்துக்கொண்டே போவது பில்டுக்குப் பொருந்தாத வேலை. எத்தனை முறை ஓடினாலும் ஒரே விளைவு வர வேண்டும் என்பதே பில்டின் அடிப்படை, >> அதை முறிக்கிறது.

இனி வரிக்குள் வரி புகுவது. இது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். ஒரு கோப்பை > குறியால் திறந்தால் அது வெறுமையாகும், ஒவ்வொரு புரோசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) தனக்கென்று ஒரு எழுதும் இடம் இருக்கும். இரண்டு புரோசஸ் அப்படித் திறந்தால் ஒன்றின் மேல் மற்றது எழுதும். >> குறியால் திறந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் ஒவ்வொரு எழுத்து அழைப்பின்போதும் கோப்பின் அப்போதைய கடைசிக்குப் போய் எழுதும். கடைசிக்குப் போவதற்கும் எழுதுவதற்கும் நடுவே வேறு யாரும் புக முடியாது. உள்ளூர் வட்டில் இது உறுதி. அப்படியென்றால் வரிகள் ஏன் கலக்கின்றன? உங்கள் கருவி ஒரு வரியை அச்சிடும்போது அது உடனே கேர்னலுக்குப் போவதில்லை. வெளியீடு திரைக்குப் போனால் வரிக்கு வரி அனுப்பும் சி நூலகம், கோப்புக்குப் போகிறது என்று கண்டால் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்த்து வைத்து, அது நிறைந்ததும் மொத்தமாகத் தள்ளும். அந்தப் பஃபர் வழக்கமாக 4,096 பைட். ஆகவே கேர்னல் பாதுகாப்பது 4,096 பைட் கொண்ட ஒரு கட்டியை, உங்கள் வரியை அல்ல. கட்டி எங்கே முடிகிறதோ அங்கே வரி வெட்டுப்படும், அந்த வெட்டுக்குள் வேறொரு தொகுதியின் கட்டி வந்து உட்காரும்.

கறுப்பு வைரமும் இங்கிருந்துதான் வருகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், சிங்களமும் அப்படியே. ‘கொடுப்பனவு’ என்ற ஒரே சொல்லில் பத்துக் குறியீடுகள், 30 பைட். 4,096ஐ மூன்றால் வகுத்தால் 1,365 முழுதாகப் போய் ஒரு பைட் மிஞ்சும். முழுக்கத் தமிழாக இருக்கும் ஒரு கட்டி முடிகிற இடத்தில், கடைசிக் குறியீட்டின் முதல் பைட் மட்டும் இந்தப் பக்கம் நிற்கும், மற்ற இரண்டும் அடுத்த கட்டியில் போகும். நடுவே சிங்களக் கட்டி புகுந்துவிட்டால் தனித்து நிற்கும் பைட்டுகளை எந்த எடிட்டராலும் எழுத்தாகக் காட்ட முடியாது, வைரம்தான் காட்டும். உங்கள் வாசகங்களில் ஆங்கிலமும் இடைவெளியும் கலந்திருப்பதால் வெட்டு எப்போதும் குறியீட்டின் நடுவே விழாது. அதனால்தான் வைரம் சில இடங்களில் மட்டும் தெரிகிறது. ஆங்கிலம் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கலப்பு கண்ணில் படாமலே பல மாதம் போயிருக்கும். தமிழும் சிங்களமும் உங்களுக்கு நேரத்தோடு காட்டிக் கொடுத்திருக்கின்றன என்றே சொல்வேன்.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு தவறான நம்பிக்கையை விலக்க வேண்டும். ‘4,096 பைட்டுக்குக் குறைவாக எழுதினால் கலக்காது’ என்று பலர் சொல்வார்கள். அந்த எல்லை, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும் பைப்புகளுக்கு உரியது. லினக்ஸில் அது 4,096, யூனிக்ஸ் வகை முறைமைகளுக்கான போசிக்ஸ் தரம் கேட்கும் குறைந்தபட்சம் 512. சாதாரணக் கோப்புகளுக்கு அந்த விதி எழுதப்படவில்லை. உங்கள் பஃபரும் அதே அளவாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவது எளிது. கருவியில் வரிக்கு வரி பஃபரை வெளியே தள்ளும்படி மாற்றினால் உள்ளூர் வட்டில் கலப்பு நின்றுவிடும், அது உண்மை. ஆனால் வரிகளின் ஒழுங்கு பில்டுக்கு பில்ட் மாறிக்கொண்டே இருக்கும், துடைப்புச் சிக்கலும் அப்படியே நிற்கும்.

சரி, மாற்றும் முறை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு துண்டுக் கோப்பு, அதற்கு % குறியோடு ஒரு பொது விதி போதும். துண்டு எதைச் சார்ந்தது என்று எழுதும்போது தொகுதியின் மூலக் கோப்புகளோடு பிரித்தெடுக்கும் கருவியையும் சேருங்கள். இல்லாவிட்டால் கருவியைத் திருத்திய பிறகும் பழைய துண்டுகள் அப்படியே கிடக்கும். கருவி > குறியால் எழுதட்டும், >> எங்கும் வேண்டாம். பொதுக் கோப்பின் சார்பாக 14 துண்டுகளையும் பெயர் சொல்லி வரிசையாக எழுதுங்கள். சேர்க்கும் கட்டளை $^ குறியில் (சார்புகளின் பட்டியல்) உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒட்டினால் போதும். $^ தருவது நீங்கள் எழுதிய வரிசை, வேலைகள் முடிந்த வரிசை அல்ல. வெறுமையாக்கும் விதியை அடியோடு நீக்கிவிடுங்கள், அதற்கு இனி வேலையில்லை.

துண்டுகளைப் பெயர் சொல்லாமல் நட்சத்திரக் குறியால் பொறுக்க ஆசை வரும். வேண்டாம் என்பேன், இரண்டு காரணம். ஒரு தொகுதியை நீக்கிய பிறகும் அதன் பழைய துண்டு கோப்புறையில் கிடந்தால் அதுவும் சேர்ந்துவிடும். மற்றது, ஜிஎன்யூ மேக்கின் நட்சத்திரப் பொறுக்கல் 3.82 முதல் 4.2 வரையான பதிப்புகளில் பெயர் வரிசையில் தருவதில்லை, 4.3 இல்தான் அந்த வரிசை திரும்ப வந்தது. உங்கள் நால்வரின் இயந்திரங்களில் வெவ்வேறு பதிப்பு இருந்தால் நான்கு விதமான கோப்பு வரும். வரிகளை அகரவரிசையில் அடுக்குவதாக இருந்தால் சோர்ட் கட்டளைக்கு முன் மொழி அமைப்பை சி என்று வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ் அமைப்பில் இருக்கும் இயந்திரமும் ஆங்கில அமைப்பில் இருக்கும் இயந்திரமும் வெவ்வேறாக அடுக்கக்கூடும்.

சேர்க்கும் விதி நேரடியாகப் பொதுக் கோப்பில் எழுதக்கூடாது. முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகு எம்வி கட்டளையால் உண்மைப் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவது லினக்ஸில் பிரிக்க முடியாத ஒரே படியில் நடக்கும். படிப்பவர் பழைய கோப்பை முழுதாகக் காண்பார் அல்லது புதியதை முழுதாகக் காண்பார், பாதி எழுதியதைக் காணமாட்டார். மூலக் கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிட் கருவி தன் இண்டெக்ஸ் கோப்பைக் காப்பதும் இப்படித்தான், .லொக் என்று முடியும் பெயரில் எழுதிவிட்டுப் பெயரை மாற்றும். இதில் அடிக்கடி சறுக்கும் இடம், தற்காலிகக் கோப்பை டெம்ப் கோப்புறையில் வைப்பது. அது வேறு கோப்பு முறைமையாக இருந்தால் எம்வி பெயரை மாற்றாது, ஒவ்வொரு பைட்டாகப் பிரதி எடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும். பாதுகாப்பு முழுதும் போய்விடும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஆகவே தற்காலிகக் கோப்பு இலக்கு இருக்கும் அதே கோப்புறையிலேயே இருக்கட்டும். எம்கேடெம்ப் கட்டளையால் உருவாக்கினால் அது உரிமையாளருக்கு மட்டும் 600 என்ற அனுமதியோடு வரும். பெயர் மாற்றிய பிறகும் அந்த அனுமதி ஒட்டிக்கொண்டே இருக்கும், குழுவில் மற்றவர்களுக்குக் கோப்பு திறக்காது. எல்லாரும் படிக்கக்கூடிய 644 என்று மாற்றிவிட்டுப் பெயரை மாற்றுங்கள். ஒரேயொரு விதி மட்டும் எழுதுவதால் இலக்கின் பெயரோடு ஒரு ஒட்டு சேர்த்த தற்காலிகப் பெயரே உங்களுக்குப் போதும்.

மின்சாரம் போகும் ஊர்களில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டுக் கண்ட நமக்கு அது வெறும் ஏட்டுக் கவலையல்ல. பெயர் மாற்றம் மற்றப் புரோசஸ்களிடமிருந்து காக்கும். ஆனால் தரவு வட்டில் பதிந்துவிட்டது என்று அது உறுதி தராது, அதற்கு எஃப்சிங்க் அழைப்பு வேண்டும். பில்ட் கோப்புக்கு இது அவசியமில்லை என்பது என் தீர்ப்பு, ஏனென்றால் மறுபடி பில்ட் செய்தால் வந்துவிடும். மின்வெட்டின்போது பில்ட் ஓடிக்கொண்டிருந்தால், பிறகு ஒரு முறை கிளீன் செய்யுங்கள். நேரமுத்திரை புதிதாகவும் உள்ளடக்கம் வெறுமையாகவும் இருக்கும் கோப்பை மேக் நல்ல கோப்பென்றே நம்பும். கட்டளை பாதியில் பிழையோடு நின்றால் அரைகுறை இலக்கு மிஞ்சாதபடி ‘டிலீட் ஒன் எரர்’ என்ற சிறப்பு இலக்கை மேக்கோப்பின் மேலே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். அது முன்னிருப்பாக இயங்குவதில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும்.

பொதுக் கோப்பின் உள்ளடக்கம் மாறாவிட்டால் பழையதையே விட்டுவைத்து, அதைச் சார்ந்தவை வீணாக மறுபடி பில்ட் ஆகாமல் தடுக்கலாம். சிஎம்பி கட்டளையால் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் பெயர் மாற்றுவது. மேக்கில் இதற்கு ஒரு விலை உண்டு. இலக்கின் நேரமுத்திரை துண்டுகளைவிடப் பழையதாகவே இருக்கும், அதனால் சேர்க்கும் விதி ஒவ்வொரு பில்டிலும் ஓடும். 14 துண்டுகளை ஒட்டுவதற்கு அது ஒரு பாரமில்லை.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். பிரிக்க முடியாத கோப்புகளும் உண்டு, அங்கே பூட்டு வேண்டியதுதான். ஏஆர் கட்டளையால் கட்டும் நூலகக் கோப்பு அப்படி ஒன்று. இரண்டு ஏஆர் ஒரே நூலகத்தில் ஒரே நேரத்தில் கைவைத்தால் ஒன்றையொன்று அறியாமல் கோப்பைக் கெடுத்துவிடும் என்று மேக்கின் கையேடே எச்சரிக்கிறது. அதற்கும் உறுப்பு உறுப்பாகச் சேர்க்காமல் கம்பைல் ஆகி வரும் எல்லா ஒப்ஜெக்ட் கோப்பும் வந்த பின் ஒரே கட்டளையில் கட்டுவது நல்லது. விண்டோஸில் விசுவல் சி தொகுப்பான் பலவாக ஓடி பிழைதிருத்தத் தகவல் இருக்கும் ஒரே பிடிபி கோப்பில் எழுதும்போது சி1041 என்ற பிழை வரும், /எஃப்எஸ் தெரிவைக் கொடுக்கும்படி அந்தப் பிழைச் செய்தியே சொல்லும். பல பில்டுகள் பகிரும் கேஷ் கோப்புறை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய சோதனைத் தரவுத்தளம் போன்றவையும் இந்த வகை.

எஃப்லொக் கட்டளையை இப்படிப் பயன்படுத்துங்கள்: முதலில் -டபிள்யூ 120, அடுத்துப் பூட்டுக் கோப்பின் பெயர், அதன் பிறகு ஓடவேண்டிய கட்டளை. 120 வினாடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் அது 1 என்ற குறியோடு வெளியேறும், பில்டும் நிற்கும். கால எல்லை கொடுக்காவிட்டால் எங்கோ சிக்கிய ஒரு வேலைக்காக எல்லாம் விடியும்வரை காத்திருக்கும். பூட்டுக் கோப்பு தனிக் கோப்பாக இருக்க வேண்டும், தரவுக் கோப்பையே பூட்டாதீர்கள். பூட்டு பெயரில் விழுவதில்லை, திறந்திருக்கும் கோப்பில் விழுகிறது. ஒருவர் பூட்டிவிட்டுப் பெயர் மாற்றத்தால் புதிய கோப்பை அங்கே வைத்தால், பழைய கோப்புக்காகக் காத்திருந்தவருக்கும் பூட்டு கிடைக்கும், புதிய கோப்பைத் திறந்து வந்தவருக்கும் கிடைக்கும். இருவரும் உள்ளே. பூட்டுக் கோப்பை வேலை முடிந்ததும் அழித்தாலும் இதே விபத்துத்தான். வெறுமையான அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

பூட்டுக்குள் ஓடும் கட்டளை பின்னணியில் ஒரு புரோசஸை விட்டுவிட்டுப் போனால், அந்தப் புரோசஸ் திறந்த கோப்பை மரபாகப் பெற்றிருப்பதால் பூட்டு விடுபடாது. -ஓ தெரிவு கொடுத்தால் கட்டளை தொடங்கும் முன் அது மூடப்படும். எஃப்லொக்கின் பெரிய நன்மை, புரோசஸ் செத்தால் கேர்னலே பூட்டை விடுவிப்பது. எம்கேடிர் கட்டளையால் ஒரு கோப்புறையை உருவாக்கி அதையே பூட்டாக வைப்பவர்களும் உண்டு. உருவாக்கம் ஒரே படியில் நடப்பது உண்மைதான், ஆனால் கரண்ட் போனால் அந்தக் கோப்புறை அப்படியே நிற்கும், காலையில் யாராவது கையால் அழிக்க வேண்டும். மக்ஓஎஸ்ஸில் எஃப்லொக் கட்டளை இயல்பாக வருவதில்லை என்பதால் அங்கே பலர் எம்கேடிர் பக்கம் போகிறார்கள்.

இன்னொரு செலவையும் கணக்கில் எடுங்கள். பூட்டுக்காகக் காத்திருக்கும் வேலை மேக்கின் எட்டு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கிறது. ஏழு வேலைகள் பூட்டின் வாசலில் நின்றால் எட்டு கோர் இயந்திரம் ஒரு கோர் இயந்திரம்போலத்தான் ஓடும். மேக்கைப் போன்ற இன்னொரு பில்ட் கருவியான நிஞ்ஜாவில் இதற்கு நல்ல வழி உண்டு. ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரு வேலை) என்று ஒரு பூல் அறிவித்து அந்த விதிகளை அதில் போட்டால், முறை வரும்வரை அவை தொடங்கப்படவே மாட்டா.

பூட்டோ துண்டோ எதைச் செய்தாலும், ஒரே கட்டளை இரண்டு தடவை ஓடும் நிலை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மேக்கோப்பில் ஜெனரேட்டர் என்ற ஒரு நிரல் தலைப்புக் கோப்பையும் மூலக் கோப்பையும் சேர்த்து உருவாக்குகிறது. இரண்டையும் இடப்பக்கத்தில் எழுதி : போட்டிருக்கிறீர்கள். மேக் அதை ஒரு விதியாக வாசிப்பதில்லை, ஒரே கட்டளை கொண்ட இரண்டு தனி விதிகளாக வாசிக்கும். ஜே 8 இல் ஜெனரேட்டர் இரண்டு தடவை ஒரே நேரத்தில் ஓடி ஒரே கோப்புகளில் எழுதும். ஜிஎன்யூ மேக் 4.3 முதல் : இருக்கும் இடத்தில் &: எழுதினால் இரண்டும் ஒரு கூட்டாகி, கட்டளை ஒரு தடவைதான் ஓடும். பழைய பதிப்புக்கு இந்தக் குறி தெரியாது. மக்ஓஎஸ்ஸோடு வருவது 3.81, அது & என்பதையும் ஒரு இலக்கின் பெயராக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். அங்கே % கொண்ட விதியாக எழுதலாம், அந்த வகை விதிக்குப் பல இலக்கு இருந்தாலும் ஒரு ஓட்டம்தான். மேக்கோப்புகளைத் தானே எழுதித் தரும் சீமேக் கருவியைப் பயன்படுத்துவோருக்கும் இதே பொறி உண்டு. ஒரு தனிக்கட்டளையின் வெளியீட்டை ஒன்றையொன்று சாராத இரண்டு இலக்குகளில் பட்டியலிட்டால் கட்டளை இரு பக்கமும் ஓடலாம். அந்தக் கட்டளையை ஒரு தனி இலக்காக்கி, மற்ற இரண்டும் அதைச் சாரும்படி எழுத வேண்டும்.

கடைசி வரியில் நீங்கள் சொன்ன பகிர்வுக் கோப்புறைதான் நான் நிச்சயமாகப் பேச முடியாத பகுதி. அது என்எஃப்எஸ்ஸா சம்பாவா (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் இரண்டு முறைகள்) என்று கேள்வியில் இல்லை. அந்தக் கோப்புறைக்குள் நின்று டிஎஃப் கட்டளையைப் பெரிய டி தெரிவோடு ஓடவிட்டால் வகை தெரியும். என்எஃப்எஸ் என்று வந்தால் ஒன்று உறுதி. மேலே >> பற்றி நான் சொன்ன உத்தரவாதம் அங்கே இல்லை. கடைசிக்குப் போய் எழுதும் வசதி அந்த நெறிமுறையில் கிடையாது, கிளையண்ட் கேர்னல் அதைப் பாவனை செய்கிறது. பலர் ஒரே நேரத்தில் சேர்த்தால் கோப்பு கெடலாம் என்று லினக்ஸின் ஓப்பன் அழைப்புக்கான கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எஃப்லொக் அங்கே லினக்ஸ் 2.6.12 முதல் வேறொரு வகைப் பூட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. சேர்வர் பக்கத்துப் பூட்டுச் சேவை சரியாக ஓடினால்தான் அதுவும் பலிக்கும், உங்கள் சேர்வரில் அது எப்படி என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. சேர்வரின் கடிகாரமும் உங்கள் இயந்திரத்தின் கடிகாரமும் சில வினாடி விலகினாலே மேக் எது புதியது என்று தவறாக முடிவெடுக்கும். பில்ட் முடிவில் கடிகாரம் பிசகியிருக்கிறது, பில்ட் முழுமையற்றதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை வந்திருந்தால் காரணம் இதுதான்.

ஆகவே மூலக் கோப்புகள் கிட் வழியாக வரட்டும், பில்ட் ஒவ்வொருவரின் சொந்த வட்டிலும் நடக்கட்டும். பகிர்வுக்குப் போக வேண்டியது முடிந்த பொதுக் கோப்பு மட்டும். அதையும் பகிர்வுக்குள்ளேயே ஒரு தற்காலிகப் பெயரில் பிரதி எடுத்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். இரண்டு பேர் ஒரே கோப்புறையில் ஒரே நேரத்தில் மேக் ஓடவிடும் வழக்கம் இருந்தால் இதோடு அது நின்றுவிடும். ஒரு மேக்குக்குள் நடக்கும் வேலைகளைத்தான் அந்த மேக் அறியும், பக்கத்து மேசையில் ஓடும் மேக்கை அதற்குத் தெரியாது.

மாற்றிய பிறகு சரியாகிவிட்டதா என்று ஒரு பில்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிளீன், பில்ட், பொதுக் கோப்பின் எஸ்எச்ஏ256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) என்று ஒரு சுழற்சியாக்கி 50 தடவை ஓடவிடுங்கள். முதலில் ஜே 1 இல் எடுத்த எண்ணே ஐம்பது தடவையும் வர வேண்டும். ஒரு தடவை மாறினாலும் எங்கோ ஒரு சார்பு விடுபட்டிருக்கிறது. திரையில் வேலைகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து வந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது கோப்புக் கலப்பல்ல. மேக் 4.0 முதல் இருக்கும் பெரிய ஓ தெரிவு அவற்றை வேலை வாரியாகத் தொகுத்துக் காட்டும்.

ஒளிந்திருக்கும் ரேஸை, அதாவது எந்த வேலை முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழையை, வெளியே இழுக்க, சந்தேகமான விதிகளின் தொடக்கத்தில் இரண்டு வினாடி ஸ்லீப் போடுங்கள். உங்கள் பழைய மேக்கோப்பில் துடைக்கும் விதிக்கு மட்டும் அப்படிப் போட்டுப் பாருங்கள். இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும் தொகுதிகளின் வரிகள் ஒவ்வொரு பில்டிலும் காணாமல் போகும், நான் மேலே சொன்னது உங்கள் கண்ணாலேயே தெரியும். மேக் 4.4 இல் ஷஃபிள் என்றொரு தெரிவு வந்திருக்கிறது. அது சார்புகளை எடுக்கும் வரிசையைக் குலுக்கிவிடும், $^ தரும் வரிசையைத் தொடாது. உபுண்டு 22.04 இல் வருவது 4.3 என்பதால் 4.4ஐத் தனியாகக் கம்பைல் செய்து சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஷஃபிளோடு ஓடும் பில்ட் பிழையோடு நின்றால் பிழை வரியின் கடைசியில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை ஷஃபிளுக்கே திருப்பிக் கொடுத்தால் அதே குலுக்கல் மறுபடி வரும், ஜே 1 இல் வைத்தே ஆறுதலாகப் பிழையைத் தேடலாம். ஜே 8 இல் மட்டும் தோன்றி ஜே 1 இல் அதே எண்ணுக்குத் தோன்றாத பிழை என்றால், வரிசையைத் தேடுவதை விட்டுவிட்டு எந்த இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திறக்கின்றன என்று, புரோசஸ்கள் கேர்னலுக்கு விடும் அழைப்புகளைப் பதிந்து காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையால் பாருங்கள். அதற்கு -எஃப் கொடுத்தால் பிள்ளைப் புரோசஸ்களையும் பின்தொடரும், கோப்பின் பெயரைத் தேடினால் யார் எப்போது திறந்தார் என்பது வரி வரியாக வரும்.